அளந்து ஓடுவோம்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். ஆற்றோடு போகும் பொருளுக்கே அளவு வேண்டும் என்றால், வியர்வை சிந்தி ஓடும் ஓட்டத்திற்கு அளவு வேண்டாமா?

சிங்கப்பூரில் வளர்ந்த நம்மில் பலருக்கு 2.4 கிலோமீட்டர் என்பது வெறும் எண் அன்று. பள்ளி நாட்களில் நாஃபா தேர்வில் நம்மைத் துரத்திய தூரம் அது. தேசிய சேவை ஆற்றும் ஆண்களை ஐபிபிடி உடலுறுதித் தேர்விலும் அது விடுவதில்லை. 2015ஆம் ஆண்டு ஐபிபிடி மூன்று அங்கங்களாகக் குறைக்கப்பட்டபோதும் இந்த ஓட்டம் நீக்கப்படவில்லை. ஆனால், இதற்கு நாம் எப்படிப் பயிற்சி செய்கிறோம்? "நம்ம புளோக்கை நாலு சுற்று சுற்றினால் 2.4 இருக்கும்" என்ற கணிப்போடுதான் பலர் ஓடுகிறார்கள்.

அந்தப் பாதை உண்மையில் 2.3 கிலோமீட்டர்தான் என்று வைத்துக்கொள்வோம். அதை 12 நிமிடத்தில் முடிப்பவர், அதே வேகத்தில் 2.4 கிலோமீட்டரை முடிக்க ஏறத்தாழ 31 வினாடி கூடுதலாக ஓடவேண்டும். 10 வினாடிப் படிகளாக மதிப்பெண் வகுக்கப்பட்டுள்ள தேர்வில் இது மூன்று படிச் சறுக்கல். குறை அவரது காலில் இல்லை, கணிப்பில்தான் இருக்கிறது.

திடலில் ஓடினால் சரியாகிவிடுமா? 400 மீட்டர் திடலை ஆறு முறை சுற்றினால் 2.4 கிலோமீட்டர் என்பது உண்மை. ஆனால், அது உட்புறத் தடத்திற்கு மட்டுமே பொருந்தும். நான்காம் தடத்திலேயே ஓடினால் ஒரு சுற்று ஏறக்குறைய 422 மீட்டர். ஆறு சுற்றில் 130 மீட்டருக்கும் மேல் கூடிவிடும்.

இதற்கெல்லாம் எளிய தீர்வு கணினியில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு கூகல் வரைபடம் அறிமுகமானது. அதே ஆண்டிலேயே அதை அடிப்படையாகக் கொண்டு, ஓடும் பாதையை வரைந்து அளக்கும் ஜிமேப்ஸ் பெடோமீட்டர் என்ற இலவசக் கருவியும் வந்துவிட்டது. இன்று கூகல் வரைபடத்திலேயே தூரம் அளக்கும் வசதி உண்டு. பாதை நெடுகப் புள்ளிகளை வைத்துக்கொண்டே போனால், ஒவ்வொரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையிலுள்ள தூரத்தை மென்பொருள் கணக்கிட்டுக் கூட்டித் தருகிறது. வளைவுகளில்தான் கவனம் தேவை. அங்கே புள்ளிகளைக் குறைத்தால் மென்பொருள் குறுக்கே கோடு போட்டுத் தூரத்தைக் குறைத்துவிடும். பெடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி வரும் 4.3 கிலோமீட்டர் பாதையை ஒருமுறை வரைந்து பாருங்கள், இது விளங்கும்.

கென்ட் ரிட்ஜ் மேடுகளில் ஓடுபவர்கள், "ஏற்றத்தை வரைபடம் கணக்கில் கொள்ளாதே!" எனக் கேட்கலாம். ஒரு கிலோமீட்டரில் 100 மீட்டர் உயரம் ஏறினாலும் தூரத்தில் கூடுவது 5 மீட்டர்தான். மேடு மூச்சை வாங்கும். தூரத்தை அவ்வளவாகக் கூட்டாது.

"கையில் ஜிபிஎஸ் கடிகாரம் இருக்கும்போது இந்த வேலை எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் துணைக்கோளச் சமிக்ஞை தடுமாறுகிறது. புள்ளிகள் சில மீட்டர் விலகி விழ, நேராக ஓடியவரின் தடம் நெளிந்து நீண்டுவிடுகிறது. அதனால்தான் சான்றளிக்கப்படும் நெட்டோட்டப் பாதைகளை இன்றும் எண்ணி பொருத்திய மிதிவண்டியில் சென்று அளக்கிறார்கள். கடிகாரம் துணைக்கு இருக்கட்டும், தீர்ப்பு சொல்ல வேண்டாம். அதே நேரத்தில், மெக்ரிச்சி போன்ற காட்டுப் பாதைகளை மரங்கள் மறைப்பதால் அங்கே வரைபடத்தில் அளப்பதும் எளிதன்று. அத்தகைய இடங்களில் பாதையோரத் தூரக் குறிகளையே நம்பலாம்.

இன்னொன்றையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். வரைபடத்தில் அளக்கும்போது நாம் காட்டுவது சாலையை மட்டுமே. ஓட்டத்தைச் செயலியில் பதிவு செய்து பகிரும்போது நம்மையே காட்டிவிடுகிறோம். 2017ஆம் ஆண்டு இறுதியில் ஸ்டிராவா நிறுவனம், தன் பயனாளர்கள் ஓடிய தடங்களை ஒளிக்கோடுகளாகக் காட்டும் உலக வரைபடத்தை வெளியிட்டது. அதில் வெளிநாட்டு இராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகளும் தெரிவதை 2018 ஜனவரியில் சுட்டிக்காட்டியவர், நம்மைப் போன்ற ஒரு பல்கலைக்கழக மாணவர்தான். இராணுவ முகாமுக்கே இந்த நிலை என்றால், தினமும் அதிகாலையில் ஒரே புளோக்கிலிருந்து கிளம்பி அதே இடத்திற்குத் திரும்பும் மாணவியின் தடம் யார் யாருக்கு என்னவெல்லாம் சொல்லும்? பகிராமல் ஓடினாலும் உடல் உறுதி பெறும். பகிர்ந்தே ஆகவேண்டுமானால், வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை மறைக்கும் வசதியையாவது பயன்படுத்த வேண்டும்.

நண்பர்களே, கருவிகள் தரும் எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்வது எளிது. அந்த எண் எப்படி வந்தது என்று கேட்பதுதான் கற்றவர்க்கு அழகு. அடுத்த முறை காலணியை மாட்டும்முன் பத்து நிமிடம் ஒதுக்கி, உங்கள் பாதையை நீங்களே வரைந்து அளந்து பாருங்கள். கிடைக்கும் எண் கொஞ்சம் ஏமாற்றம் தரலாம். அந்த ஏமாற்றம் தேர்வு நாளில் வருவதைவிட இன்றே வருவது நல்லது.