கட்டம் வரைவது தில்லி. சுமை தாங்குவது ஊர்!

மின்னூர்திக்கு மின்னேற்றும் இடம் எங்கே என்று கேட்டால் தில்லி ஒரு கட்டத்தை வரைந்து காட்டுகின்றது. நகரங்களில் 3 கி.மீ.க்கு 3 கி.மீ. கட்டத்திற்கு ஒரு மின்னேற்றகம், நெடுஞ்சாலையில் 25 கி.மீ.க்கு ஒன்று என நடுவணரசின் மின்துறை அமைச்சகம் 2018-இல் நெறிமுறை வகுத்தது. 2024-இல் அக்கட்டத்தை இன்னும் சுருக்கிற்று. கட்டம் சுருங்கச் சுருங்க எவர் வேலை பெருகும்? மழைநீர் எத்தனை அடி தேங்கும், எந்தத் தெருவின் மின்மாற்றி கோடையில் திணறும் என்பனவெல்லாம் தில்லி வரைபடத்தில் இரா. அவற்றை அறிந்தவர் ஊர்க்காரர். அவரைக் கேட்டவர் யார்?

ஊர்தி நிறுத்தகங்களை நகராட்சிகட்கு ஒப்படைக்கத்தக்க பணிகளுள் ஒன்றாக அரசியல் சட்டத்தின் 12-ஆம் அட்டவணை எண்ணுகின்றது. 11-ஆம் அட்டவணையோ சிற்றூர் மின்வழங்கலையே ஊராட்சிப் பணிகளுள் வைத்துள்ளது. இவை 1992-ஆம் ஆண்டுத் திருத்தங்களால் வந்தவை. பணமும் பயிற்சியும் உடன் வாராமையால் அனைத்தும் ஏட்டுச் சுரைக்காய்!

இதனால் கெடுபவர் யார்? முற்றம் உடையவர் இரவில் தம் வீட்டிலேயே மின்னேற்றிக் கொள்வர். குடிக்கூலிக்கு மூன்றாம் மாடியில் வாழ்பவரும், தானியைத் தெருவில் நிறுத்திவிட்டு உறங்கப் போகும் ஓட்டுநரும் எங்கே போவர்? கட்டடங்களில் ஊர்தி நிறுத்தும் இடத்தில் நூற்றுக்கு 20 பங்கு மின்னேற்றத்திற்கு என்று 2019-இல் மாதிரிக் கட்டட நெறிகளைத் திருத்தினார்கள். ஊர்தி நிறுத்தவே இடமில்லாப் பழந்தெருவில் அந்த இருபதை எதன்மேல் கணக்கிடுவது? 60 கிலோவாட்டு விரைவு மின்னேற்றி ஒன்று, 3 கிலோவாட்டு மின்னேற்றிகள் இருபது இழுக்கும் ஆற்றலைத் தானொன்றே இழுக்கும். ஈருருளிகளும் தானிகளும் நிறைந்த சிறு நகருக்கு வேண்டுவன அச்சிறியவை இருபதே. ஊதியம் நோக்கி வரும் தனியார் நெடுஞ்சாலை ஓரத்தில் மகிழுந்துக்காகப் பெரியதையே நடுவர். வேறென்ன செய்வர்?

தமிழக அரசும் இதில் தப்ப முடியாது. 2023-ஆம் ஆண்டு மின்னூர்திக் கொள்கையில் சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், நெல்லை ஆகிய ஆறும் மின்னூர்தி நகரங்களாகத் தெரிந்தெடுக்கப் பெற்றன. நன்று! ஆறும் மாநகராட்சிகள்; பொறியாளர் படை உடையவை. கைகொடுக்க வேண்டுவது தனக்கென மின்பொறியாளர் இல்லாப் பேரூராட்சிக்கு அன்றோ?

பொதுநிலத்தை மின்னேற்றகத்திற்கு விட்டால் நிலமுடைய அமைப்புக்கு மின் அலகு ஒன்றுக்கு 1 உருபா பங்கு என்று 2022-ஆம் ஆண்டு நெறிமுறை சொல்லிற்று. அவ்வுருபாவை ஊர் இழவாமற் பெற, உடன்படிக்கை எழுதத் தெரிய வேண்டும். அலகுக் கணக்கைச் சரிபார்க்கத் தெரிய வேண்டும். மாவட்டந்தோறும் ஒரு மின்பொறியாளரை இப்பணிக்கென அமர்த்துக. தெருவாரியாக மின்மாற்றிகளின் தாங்குதிறனைக் கணக்கெடுத்து ஊர்மன்றத்தின் கையில் தருக. மாதிரி உடன்படிக்கையும் மின்னேற்றகப் பலகையும் செயலியும் தமிழில் அமைக. ஆங்கிலத்தில் எழுதிய தாளை நீட்டிக் கையொப்பம் வாங்கிச் செல்வதற்குப் பேரூராட்சி மன்றம் என்ன, கைந்நாட்டு வைக்கும் கூடமா?