வான்கோழிக்கு லைசென்ஸ், மயிலுக்கு விஷம்!

மயிலையும் வான்கோழியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது தமிழருக்குப் புதிதல்ல. பழைய ஒப்பீட்டில் மயில் உயர்ந்தது, வான்கோழி தாழ்ந்தது. ஆனால் இன்று இந்த இரண்டு பறவைகளின் நிலைமையைப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். அமெரிக்காவில் வசந்தம் பிறந்ததும் லட்சக்கணக்கான பேர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காட்டு வான்கோழி வேட்டைக்குக் கிளம்புகிறார்கள். அப்படியும் அந்த இனம் அழியவில்லை. மதுரைச் சீமையிலோ மயிலைச் சுட ஒருவருக்கும் உரிமை கிடையாது. அப்படியும் மயில்கள் விஷம் தின்று வரப்போரங்களில் சாகின்றன.

2018 ஆகஸ்டு மாதத்தில் மதுரை நகரின் ஓரத்தில் 40-க்கு மேற்பட்ட மயில்கள் ஒரே சமயத்தில் செத்துக் கிடந்தன. விஷம் கலந்த தானியத்தைத் தின்றிருக்க வேண்டும் என்பதே உடனே எழுந்த சந்தேகம். தமிழ்நாட்டின் வேறு ஊர்களிலிருந்தும் இத்தகைய செய்திகள் வந்திருக்கின்றன. 1963-ல் தேசியப் பறவை என்று கௌரவிக்கப்பட்ட மயிலுக்கு, அதுவும் திருப்பரங்குன்றத்துக்கும் பழமுதிர்சோலைக்கும் நடுவே, இந்தக் கதி ஏன் நேர வேண்டும்?

குடியானவரின் குறை

மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்துக் குடியானவர்களைக் கேட்டால் பதில் சுலபமாகக் கிடைக்கும். விதைத்த நிலக்கடலையை மயில் கிளறித் தின்கிறது, மக்காச்சோள முளையைப் பிடுங்குகிறது, தக்காளியைக் கொத்துகிறது, முற்றிய நெற்கதிரை மிதித்துச் சாய்க்கிறது. பழைய சேலைகளை வேலியாகக் கட்டிப் பார்க்கிறார்கள். தகர டப்பாவைத் தட்டிப் பார்க்கிறார்கள். பட்டாசும் வெடித்துப் பார்க்கிறார்கள். இரண்டு நாள் பயந்த மயில் மூன்றாம் நாள் திரும்பி வந்துவிடுகிறது. தினைப்புனத்தில் பரண் மேல் நின்று கவண் வீசிப் பறவை விரட்டிய வள்ளியின் கதை எல்லோருக்கும் தெரியும். அந்த வள்ளி மணாளனின் வாகனத்தையே இன்று விரட்ட வேண்டியிருக்கிறது!

மயில் இப்படிப் பெருகியதற்குக் காரணங்கள் பல. அதன் முட்டையையும் குஞ்சையும் தின்னும் நரியும் காட்டுப் பூனையும் சமவெளியில் குறைந்துவிட்டன. தரிசு நிலங்களிலும் கண்மாய்களிலும் சீமைக் கருவேலம் புதராக மண்டி மறைவிடம் தருகிறது. பம்பு செட்டுகளின் தயவில் கோடையிலும் குடிக்கத் தண்ணீர் கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டத்துக்குப் பயந்து வேட்டை குறைந்தது. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023-ல் வெளியான அறிக்கையும், வேகமாகப் பெருகி வரும் பறவைகளில் ஒன்றாக மயிலைக் குறிப்பிட்டது. இதனால் மயிலை முழுக்கக் குற்றவாளி ஆக்கிவிடவும் கூடாது. பூச்சி, புழு, சிறு பாம்பு இவற்றையும் அது தின்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிவது சேதம். உபகாரம் அவ்வளவாகத் தெரிவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒரு காலத்தில் இந்த நாட்டிலும் லைசென்ஸ் எடுத்து வேட்டையாட முடிந்தது. 1912-ம் வருஷத்துச் சட்டம், பறவைகளுக்கு வேட்டை கூடாத காலத்தை ஒதுக்கும் அதிகாரத்தை மாகாண சர்க்கார்களுக்குத் தந்தது. 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலும் சில பிராணிகளுக்கு வேட்டை லைசென்ஸ் இருந்தது. 1991-ல் செய்த திருத்தம் அதை எடுத்துவிட்டது. ஆகவே மதுரை வாலிபர் ஒருவர் இன்று வேட்டை பழக வேண்டும் என்று ஆசைப்பட்டால், அவருக்குச் சீட்டுக் கொடுக்க எந்த அலுவலகமும் இல்லை. கௌதாரிக்கும் காடைக்கும் கண்ணி வைப்பதுகூடக் குற்றமே. பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கூவவிட்டு மற்றக் கௌதாரிகளைப் பிடிக்கும் வித்தையை நரிக்குறவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். அந்த வித்தையும் இன்று சட்டத்துக்கு வெளியே நிற்கிறது.

மயிலோ சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் மூன்று முதல் ஏழு வருஷம் வரை சிறைவாசம் கிடைக்கலாம். பயிரைக் காக்க நாட்டுத் துப்பாக்கி வைத்துக்கொள்ள 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் லைசென்ஸ் தர இடம் தருகிறது. அந்தத் துப்பாக்கியாலும் மயிலைச் சுடக் கூடாது. இரண்டாம் அட்டவணையிலுள்ள காட்டுப் பன்றி போன்ற பிராணிகள் பயிரை அழித்தால், அவற்றைக் கொல்லத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தரலாம். முதல் அட்டவணைப் பிராணிக்கு அந்த வழியும் இல்லை. மனித உயிருக்கு ஆபத்து விளைவித்தாலோ, தீராத நோயிலோ ஊனத்திலோ விழுந்தாலோதான் அனுமதி உண்டு. பயிர்ச் சேதம் அதில் சேராது.

அமெரிக்காவில் நடந்தது

காட்டு வான்கோழியின் சரித்திரத்தை இங்கே பார்ப்பது பொருந்தும். மயிலைப் போல அதுவும் கோழி இனத்துப் பறவையே. தரையில் முட்டையிட்டு இரவில் மரத்தில் அடையும் பறவை. கண்டபடி சுட்டதாலும் காடுகளை அழித்ததாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது அருகிப் போயிற்று; பல ராஜ்யங்களில் அடியோடு மறைந்தது. 1937-ல் அமெரிக்க சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலாகும் வரி வன உயிரினப் பாதுகாப்புக்கே செலவாக வேண்டும் என்றது அந்தச் சட்டம். பறவைகள் மிஞ்சிய இடங்களில் வலை போட்டுப் பிடித்து, மறைந்த இடங்களில் கொண்டு போய் விட்டார்கள். இன்று வான்கோழிகளின் தொகை பல பத்து லட்சம்.

அங்கே வேட்டைக்குப் புதிதாக வருகிறவர், பெரும்பாலான ராஜ்யங்களில் முதலில் ஒரு பயிற்சி வகுப்பில் தேற வேண்டும். பிறகு லைசென்ஸ் வாங்க வேண்டும். வசந்த காலத்தில் பொதுவாகச் சேவலை மட்டுமே சுடலாம். ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேருவதால், சில சேவல்கள் குறைந்தாலும் குஞ்சுகளின் தொகை அதிகம் குறையாது என்பது கணக்கு. வேட்டைக்காரர் விடியலுக்கு முன் மறைவில் உட்கார்ந்து பெட்டையைப் போல் குரல் கொடுத்துச் சேவலை அழைப்பார். இத்தனை பறவைக்கு மேல் கூடாது என்ற வரம்பும் உண்டு. அண்மையில் தென் ராஜ்யங்கள் சிலவற்றில் பறவைகள் குறைந்தபோது வேட்டை தொடங்கும் தேதியைத் தள்ளிப் போட்டார்கள், வரம்பையும் குறைத்தார்கள். கணக்கு எடுக்க ஆள் இருந்தது. கணக்குப்படி நடக்கச் சட்டமும் இருந்தது.

இங்கே எது பொருந்தும்?

அப்படியானால் மதுரையிலும் மயில் வேட்டைக்கு லைசென்ஸ் கொடுத்துவிடலாமா? அது விவேகம் ஆகாது. அமெரிக்காவின் பரந்த காடுகள் இங்கே இல்லை. வயலுக்கு வயல் ஆள் நடமாட்டம் உள்ள சமவெளியில் துப்பாக்கி வெடித்தால் மயிலோடு மனிதரும் விழுவர். முருகனின் வாகனத்தைச் சுடுவதை ஜனங்களும் சகிக்க மாட்டார்கள். 2016-ல் கோவாவில் மயிலைத் தொல்லைப் பிராணியாக அறிவிக்கலாம் என்று பேச்சு எழுந்தபோது கிளம்பிய எதிர்ப்பு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

அமெரிக்காவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது துப்பாக்கி அல்ல, பொறுப்பு. அங்கே வான்கோழிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதைக் காக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிகிறது. இங்கே மயிலைக் காக்கும் செலவை ஏற்பது யார்? சட்டம் செய்த சர்க்காரா, மயிலைக் கண்டு கை கூப்பும் பக்தர்களா? இரண்டு பேரும் அல்ல. இரண்டு ஏக்கர் கடலை போட்ட குடியானவர்தான் தம் விளைச்சலிலிருந்து அந்தச் செலவைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். தேசத்தின் பெருமைக்கு ஒரு தனி மனிதர் வரி கட்டுகிறார். அந்த வரி தாங்க முடியாமல் போகும்போது, சத்தமில்லாத ஆயுதமான விஷம் வெளியே வருகிறது. துப்பாக்கியாவது குறி வைத்த பறவையை மட்டும் கொல்லும். விஷ தானியமோ புறாவையும் கௌதாரியையும் மைனாவையும், செத்ததைத் தின்ன வரும் நாயையும் சேர்த்துக் கொல்லும்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. கிராமம் கிராமமாக மயில்களைக் கணக்கெடுக்க வேண்டும். பயிர்ச் சேதத்தைச் சில நாட்களுக்குள் பார்வையிட்டு, அறுவடைக்கு முன்பே நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். விதைப்புக் காலத்தில் நாற்றங்கால்களுக்கும் கடலைக் கொல்லைகளுக்கும் வலை போட உதவித் தொகை வேண்டும். கருவேலம் புதர்களைப் படிப்படியாக அகற்றி நாட்டு மரங்களை நட வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு மயிலைப் போற்றும் நாட்டின் செலவு. ஒரு குடியானவரின் செலவல்ல.

சட்டம் துப்பாக்கியைத் தடுத்துவிட்டது. விஷத்தைத் தடுக்க அதனால் முடியவில்லை. விஷத்தைத் தடுக்கக் கூடியது, சேதமான கொல்லைக்கு நேரத்தோடு வந்து சேரும் பணம் ஒன்றுதான்.