ஒரு வரித் திருத்தம்

தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர். இந்த 57 பேரும் கட்சிக் கொடியைச் சற்று மடித்து வைத்துவிட்டு ஒரு வேலை செய்ய வேண்டும். 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி, இங்கே அகதிகளாக இருக்கும் இலங்கைத் தமிழருக்கு வழி திறக்க வேண்டும்.

1983 கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்கள். இன்றும் 100-க்கும் மேற்பட்ட முகாம்களில் 50,000-க்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கே பிள்ளை பிறந்துவிட்டது. மாநில அரசு 2021-ல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது, வீடும் கட்டித் தருகிறது. நல்லதுதான். ஆனால் குடியுரிமை டெல்லியின் கையில்.

உரிய பத்திரம் இல்லாமல் வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்கிறது 2003-ஆம் ஆண்டுத் திருத்தம். எத்தனை வருடம் இருந்தாலும் அவர் விண்ணப்பிக்கவே முடியாது. 2019-ல் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்கு அந்தத் தடையை நீக்கினார்கள். இலங்கை மட்டும் கண்ணில் படவில்லை! மாநிலங்களவையில் 125-க்கு 105 என்று அது நிறைவேறியபோது அ.தி.மு.க. உறுப்பினர்கள் ஆதரித்து வாக்களித்தார்கள். எதிர்த்த தி.மு.க., 2021-ல் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானம் டெல்லியில் எந்தக் கட்டில் தூங்குகிறது என்பதை, குமாஸ்தாவாகவே காலம் தள்ளிய என்னால் ஊகிக்க முடிகிறது. 2025 செப்டம்பரில், பதிவு செய்த இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கு வந்தது. ஜெயில் இல்லை, அவ்வளவுதான்.

"போர்தான் 2009-லேயே முடிந்துவிட்டதே, திரும்பிப் போகட்டுமே" என்கிறார் நண்பர் ஒருவர். விரும்புகிறவர் போகட்டும். மண்டபத்தில் பிறந்து இங்கேயே டிகிரி முடித்த பையன் எங்கே திரும்புவான்? எங்கள் கூரத்தாழ்வானின் ஆசாரியர் இராமானுசரே சோழன் கோபத்துக்குத் தப்பி மேல்கோட்டைக்குப் போனவர் என்பார்கள் வைணவர்கள். போசளன் அவரிடம் பத்திரம் கேட்டதாகக் கதை இல்லை.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1962 ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, அங்கே பிறந்து குடியிருந்தவர்கள் விண்ணப்பம் எழுதாமலே இந்தியர் ஆனோம். பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்பியவர்தான் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. அதன் பலனாக எனக்கு அரசு வேலை, இன்று பென்ஷன். எனக்கு உட்கார்ந்த இடத்தில் கிடைத்தது, நாற்பது வருடமாகக் காத்திருப்பவருக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

2003-ஆம் ஆண்டு விளக்கத்தின் கீழே, 'பதிவு செய்து தங்கியுள்ள இலங்கைத் தமிழர் நீங்கலாக' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். வரைவு எழுதி எங்கள் தொகுதி எம்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உங்கள் எம்.பி.க்கு நீங்களும் அனுப்புங்கள்.