சிவப்பு முன்னே, நீலம் பின்னே: இது யாருடைய விதி?



'சிவப்பு முன்னே வரும். நீலம் பின்னே செல்லும்.' காட்சிக்கலைப் பாடத்தில் இதனை வாய்பாடுபோல் ஒப்புவிக்கச் செய்கிறோம். நானும் பல்லாண்டுகள் செய்தவன்தான். ஒருநாள் வகுப்பறை விளக்குகளை அணைத்து, கரும்பின்னணியில் சிவப்பு, நீலக் கட்டங்களைப் புரொஜெக்டரில் காட்டினேன். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஐயா, எனக்கு நீலந்தான் முன்னுக்கு நிக்குது" என்றான். தவறு என்றேன். வகுப்பு சிரித்தது. அதன்பின் அப்பாடத்தில் அவன் வாய் திறக்கவேயில்லை.

தவறு என்னுடையது.

கண் நீல ஒளியைச் சிவப்பொளியைவிடக் கூடுதலாக வளைக்கிறது. நாம் உற்றுநோக்கும் பார்வைக்கோடோ கண்ணின் நடு அச்சிலிருந்து சற்றே சாய்ந்தது. ஆதலால் இருநிறப் படிமங்களும் விழித்திரையில் விலகி விழுகின்றன. அவ்விலகல் இரு கண்களிலும் எதிரெதிர்த் திசையில் நேர்வதால், மூளை அதனைத் தொலைவு வேறுபாடாகக் கொள்கிறது. ஒரு கண்ணை மூடினால் இம்மாயம் பெரும்பாலும் மறையும். 1885-இல் தம் முனைவர் ஆய்வில் இதனை ஆராய்ந்தவர் வில்லெம் ஐந்தோவன்; இதய மின்வரைவுக்காக 1924-இல் நோபல் பரிசு பெற்ற அதே நெதர்லாந்து அறிஞர்.

இனி, வெளிச்சம். கண்பாவை நல்லொளியில் 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். இருளில் 7, 8 மில்லிமீட்டர்வரை விரியும். விரியும்போது அதன் நடுப்புள்ளியும் இம்மியளவு இடம்பெயரும். அந்தப் பெயர்ச்சியே ஆழத்தைக் குறைக்கவும், சிலருக்குத் தலைகீழாக்கவும் போதுமானது. நல்ல வெளிச்சத்திலேயே நீலத்தை முன்னே காண்போரும் உண்டு. வெண்பின்னணியில் பலருக்கு வரிசையே மாறிவிடும். (இன்னும் இருண்டுவிட்டால், செக் அறிஞர் புர்க்கின்யே கண்டதுபோல, சிவப்பு கறுத்துப்போக நீலம் துலங்கி நிற்கும். அது வேறொரு கதை.)

"தொலைவிலுள்ள மலை நீலமாகத்தானே தெரிகிறது?" என்று நண்பரொருவர் மடக்கினார். ஐயா, அது காற்று ஒளியைச் சிதறடிப்பதால் வருவது; கண்ணுக்குள் நிகழ்வதன்று. இரண்டையும் ஒரே விதியாகக் குழப்பி, பிள்ளையின் விடைத்தாளில் சிவப்பு மையால் பிழை போடுகிறோம்! 'பெரும்பாலோருக்கு, நல்ல வெளிச்சத்தில், கரும்பின்னணியில்' என்று சேர்த்துச் சொல்வதால் நமக்கு என்ன குறைந்துவிடும்?

நீலப் பின்னணியில் சிவப்பெழுத்தை இட்டு, விளக்கணைத்துப் பாடம் நடத்துவோரே, "எழுத்து மிதக்குது" என்று பிள்ளை சொன்னால் அதட்டாதீர்கள். முதலில் விளக்கைப் போடுங்கள். அடுத்து அந்தப் பின்னணியை மாற்றுங்கள்.