நோன்புக் கஞ்சியும் கேரிபேக்கும்

‘மார்க்கப் பற்றுள்ள முஸ்லிம், பொருள் வாங்கும்போதும் இயற்கையைக் காப்பார்’ என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. கேட்க இதமாகத்தான் இருக்கிறது. வத்தலக்குண்டு மாதிரி ஊர்களில் ரமலான் மாதம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் பக்கம் போய்ப் பாருங்கள். கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு வருகிறவர்களும் உண்டு. கேரிபேக்கில் சுடச்சுட ஊற்றி முடிந்துகொண்டு போகிறவர்களும் உண்டு. இரண்டு வீட்டிலும் ஒரே நோன்புதான்.

வேதமே சொல்லிவிட்டதே என்பார்கள். உண்மைதான். இஸ்ராஃப் எனும் வீண்விரயம் கூடாது என்கிறது குர்ஆன். ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் தண்ணீரைச் சிக்கனமாகப் புழங்கச் சொல்கிறது நபிமொழி. 2015 ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் கூடிய அறிஞர்கள் பருவநிலை மாற்றம் பற்றி இஸ்லாமியப் பிரகடனமே வெளியிட்டார்கள். ஆனால் நம் வீடுகளில் இஸ்ராஃப் என்றதும் தட்டில் மிச்சம் வைத்த பிரியாணிதான் நினைவுக்கு வரும். வலீமா விருந்தில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வைப்பது அந்தக் கணக்கில் சேராது, அது உபசரிப்பு!

ஹலால் பார்த்து வாங்குகிறவருக்குப் பசுமை பார்ப்பது கடினமா என்றும் கேட்கிறார்கள். ஹலால் முத்திரை உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும். மேலே சுற்றிய பிளாஸ்டிக் இயற்கைக்குக் கேடா என்பது அதன் கவலையில்லை.

விற்கிற பக்கமும் இதே கதைதான். வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஷாப் முதலாளிகளில் பள்ளிவாசலுக்கும் கல்விக்கும் அள்ளிக் கொடுத்தவர்கள் உண்டு. அவர்கள் பக்தியை யார் சந்தேகிப்பார்? ஆனாலும் தோல் ஷாப் கழிவால் கெட்ட பாலாற்றுக்காக 1996-ல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

பின் எதுதான் யோசிக்க வைக்கும்? வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறுகிறவர்களுக்கு, 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. தொப்பியோ திருநீறோ சிலுவையோ, கடையில் பாட்டிலைக் கையில் எடுத்தவரை ஒரு நிமிஷம் யோசிக்க வைப்பது அந்த 20 ரூபாய்.

அப்படியானால் மார்க்கத்தால் பயனே இல்லையா? இருக்கிறது, ஆனால் தனி ஆளின் ஈமானைவிட ஜமாஅத்தின் சொல்லுக்குத்தான் இங்கே வலு அதிகம். 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை போட்டும் கேரிபேக் ஒழியவில்லை. ‘பாத்திரம் கொண்டுவந்தால்தான் கஞ்சி’ என்று ஜமாஅத் சொல்லிவிட்டால், மறுநாளே வீட்டுப் பரணிலிருந்து தூக்குவாளி இறங்கும். ஜும்ஆ பயானில் அறிவுரை சொன்னால் மட்டும் போதாது. அதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள்; மளிகை லிஸ்ட் போடுவது வீட்டிலிருக்கும் பெண்கள். அந்தப் பேச்சைப் பெண்களுக்கான மதரஸாவில் தொடங்கலாம்.