பிகோனியா வாடுதா? சொம்பைக் கீழே வையுங்க!

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போனால் நர்சரியில் கண்ணை இழுக்கிற செடி, ரெக்ஸ் பிகோனியா. வெள்ளி, ஊதா, சிவப்பு என இலையிலேயே கோலம் போட்ட மாதிரி இருக்கும். ஆசையாக வாங்கி வந்து ஹாலில் வைப்போம். சில வாரங்களில் இலை தொங்கும். `தண்ணீர் போதலை போல' என்று இன்னொரு சொம்பு ஊற்றுவோம். பெரும்பாலும் அதோடு செடியின் கதை முடிந்துவிடும்.

ஈரம் இருந்தும் ஏன் வாடுது?

அஸ்ஸாம் பக்கத்து ஈரக் காடுகள்தான் இதன் பூர்விகம். மர நிழலில், இலை மக்கிய பொலபொல மண்ணில் வளரும். வேர் மெல்லியது; ஆழமாகப் போகாது. தொட்டியில் தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சுத் திணறி அழுகிவிடும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் மண் ஈரமாக இருந்தும் இலை வாடுகிறது.

என்ன செய்யலாம்?

* மண்ணில் ஓர் அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். அடித்தட்டில் வடிந்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

* தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம், பெர்லைட் கலந்த மண் நல்லது. தொட்டி சின்னதாகவே இருக்கட்டும்.

* கிழக்கு ஜன்னல் ஓரம் சரியான இடம். உச்சி வெயிலும் ஏ.சி காற்றும் நேராகப் படக் கூடாது.

* இலை மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். பூஞ்சை நோய் வரலாம். கூழாங்கல் பரப்பிய தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அது தொட்டியின் அடியைத் தொடாதபடி மேலே வையுங்கள். ஈரப்பதம் கிடைக்கும்.

வெயில் ஊர்க்காரர்களுக்கு ரெக்ஸைவிட, மூங்கில் மாதிரி கணுத்தண்டுள்ள `ஏஞ்சல் விங்' வகை சுலபம்.

ஓர் இலை போதும்!

வேர் அழுகிவிட்டதா? செடியைத் தூக்கிப் போடாதீர்கள். நல்ல இலை ஒன்றை எடுத்து, பின்புறம் தடித்த நரம்புகளை அங்கங்கே பிளேடால் கீறுங்கள். வெட்டிய பக்கம் ஈர நார்க்கழிவில் படும்படி வைத்து, பிளாஸ்டிக் கவரால் மூடி, நிழலில் விடுங்கள். சில வாரங்களில் கீறிய இடத்தில் வேர் வரும். பிறகு குட்டிச் செடிகள் முளைக்கும்.

ஒரு எச்சரிக்கை: பிகோனியாவில் ஆக்சலேட் இருக்கிறது. மென்றால் வாயும் தொண்டையும் எரியும். பூனை, நாய்க்கும் ஆகாது. தவழும் குழந்தையும் செல்லப்பிராணியும் உள்ள வீட்டில், எட்டாத உயரத்தில் வையுங்கள்.