ஏழாண்டுத் தவணையும் எட்டு வயதுக் காரும்

நண்பர்கள் பொறுத்தருள்க. நீண்ட பதிவு, சற்றுக் காரமான பதிவும்கூட.

கல்விப்புலத்தில் ஓர் அறிவுரை எதிர்ப்பின்றிச் சுற்றி வருகிறது. முனைவர் பட்டம் முடிந்து நிலையான சம்பளம் கைக்கு வந்தவுடன் ஏழாண்டுத் தவணையில் புத்தம்புதிய எஸ்.யூ.வி. ஒன்றை எடுத்துவிட வேண்டும். பழைய கார் என்பது பிறருடைய தலைவலியை விலை கொடுத்து வாங்குவது. ஓட்டுவதில் இன்பம் தேடுவதோ பணக்காரர்களின் பொழுதுபோக்கு. இந்த மூன்று கூற்றுகளும் தவறு என்பதே என் வாதம். கொல்கத்தாவின் கார்டன் ரீச்சை முன்வைத்து இதைப் பேசுகிறேன். கள ஆய்வின் பொருட்டு நான் வாழும் பகுதி என்பது ஒரு காரணம். இந்த நாட்டில் அன்றாடக் காரோட்டம் உண்மையில் எப்படியிருக்கிறது என்பதை விளம்பரப் படங்களைக் காட்டிலும் இந்தத் தெருக்கள் தெளிவாகக் காட்டும் என்பது மற்றொரு காரணம்.

முதலில் கணக்கு. பத்து லட்சம் ரூபாய்க் கடன், 9 விழுக்காடு வட்டி, 84 மாதம். தவணை மாதத்துக்கு ஏறத்தாழ 16,090 ரூபாய். ஏழாண்டு முடிவில் செலுத்தியிருக்கும் தொகை பதின்மூன்றரை லட்சம். வட்டி மட்டும் மூன்றரை லட்சம். நல்ல நிலையிலுள்ள, ஏழெட்டு வயதான சிறிய பெட்ரோல் கார் ஒன்று, மாடலையும் நிலையையும் பொறுத்து, மூன்றிலிருந்து நான்கரை லட்சத்துக்குள் கிடைக்கிறது. அதாவது, புதிய காருக்கு நாம் கட்டும் வட்டியே ஒரு முழுக் கார். 2023 ஜனவரியிலிருந்து இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் தவணைக்கே போய்விடும் ஒரு பொருளை 'முதலீடு' என்று அழைக்கும் துணிவு ஷோரூம் விற்பனையாளருக்கு இருக்கலாம். பொருளியல் படித்தவர்க்கு இருக்கலாகாது.

இந்தக் கணக்கு தெரியாதவர்கள் அல்லர் நம்மவர்கள். என் கோபம் அங்கேதான் தொடங்குகிறது. டேவிட் எட்ஜர்டன் 2006-இல் 'பழையதன் அதிர்ச்சி' என்ற பொருள்படும் தம் நூலில், தொழில்நுட்ப வரலாற்றைப் புதுக் கண்டுபிடிப்புகளின் வரலாறாக எழுதுவதை விட்டுப் பயன்பாட்டின், பராமரிப்பின் வரலாறாக எழுத வேண்டும் என்று வாதிட்டார். பழுதுபார்த்தலைச் சிந்தனையின் மையத்துக்குக் கொண்டுவந்த ஸ்டீவன் ஜாக்சனின் 2014-ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டாத கருத்தரங்கு உரையே இன்று அரிது. சுழற்சிப் பொருளாதாரம் பற்றி இரண்டு நாள் கருத்தரங்கு நடத்துகிறோம். அது முடிந்து வாகன நிறுத்தத்துக்கு வந்தால், சக ஊழியரின் பத்தாண்டு பழைய ஹேட்ச்பேக்கைப் பார்த்து, "இன்னும் இதைத்தான் ஓட்டுகிறீர்களா சார்?" என்று கேட்கிறோம். நம் நூலடைவில் மதிக்கப்படும் மெக்கானிக் நம் வாழ்வில் மதிக்கப்படுவதில்லை. சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ, கொல்கத்தாவுக்கு மல்லிக் பஜார் அப்படி. உதிரிபாகங்களும், அவற்றைப் பொருத்தும் கைகளும், எந்தப் பாகம் எந்தக் காருக்குச் சேரும் என்ற நினைவும் அங்கே தலைமுறையாகச் சேர்ந்திருக்கின்றன. அந்த அறிவை ஆய்வேட்டின் ஓர் அத்தியாயமாக்கிவிட்டு, சொந்தக் காருக்கு அதை நம்ப மறுப்பவர்களை என்னவென்று சொல்வது?

இனி, இன்பம். கார்டன் ரீச் சாலையில் ஒரு வேலைநாள் காலையை எண்ணிப் பாருங்கள். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் டிரெய்லர் வலப்புறம், இடப்புறம் துணிப்பொதி ஏற்றிய சைக்கிள் வேன், நடுவே டோட்டோ. மெட்டியாபுரூஜில் ஆயத்த ஆடைச் சந்தை கூடும் நாட்களில் தெருவின் அகலம் பாதியாகிவிடும். கிதிர்ப்பூர்த் துறைக்குள் கப்பல் நுழையும் நேரத்தில் தூக்குப்பாலம் எழுந்துவிட்டால் எல்லோரும் சமம்: நாற்பது லட்சத்துக் காரும் நிற்கும், நாலு லட்சத்துக் காரும் நிற்கும். மணிக்கு இருபது கிலோமீட்டரைத் தாண்டுவதே நிகழ்ச்சியாக இருக்கும் இச்சாலையில் 150 குதிரைத்திறன் எதற்கு? இங்கே ஓட்டும் இன்பம் வேறிடத்திலிருந்து வருகிறது: கையசைவுக்கு உடனே இணங்கும் ஸ்டீயரிங், கால் நோகாத கிளட்ச், சொன்னபடி விழும் கியர், நான்கு மூலைகளும் கண்ணுக்குத் தெரியும் சிறிய உடல். 2018-இல் வந்த ஸ்விஃப்ட்டின் பெட்ரோல் வகை 900 கிலோவுக்கும் குறைவு; நீளம் 3,840 மில்லிமீட்டர்; திரும்பும் ஆரம் 4.8 மீட்டர். சந்துக்குள் எதிரே லாரி வந்துவிட்டால் இந்த எண்களின் பொருள் விளங்கும். ஞாயிறு விடியலில் வித்யாசாகர் சேதுவைக் கடந்து கோலாகாட் பக்கம் போனாலும், எடை குறைந்த காரின் 80 குதிரைத்திறனை முழுவதும் செலவழித்து ஓட்டலாம். பெரிய காரின் திறனில் பாதியைக்கூட நம் சாலைகளில் சட்டத்துக்கு உட்பட்டு எவரும் செலவழிக்க முடியாது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் பாதுகாப்பு. அதை மழுப்ப மாட்டேன். 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு காற்றுப்பை இல்லாத ஐந்து இந்தியச் சிறு கார்களை மோதிச் சோதித்தபோது ஐந்துக்கும் சுழியம். 2018-இல் ஸ்விஃப்ட்டுக்கு இரண்டு நட்சத்திரம்தான். ஆகவே, 'பழையது' என்றால் எந்தப் பழையதும் போதும் என்று நான் சொல்லவில்லை. 2019-இல் ஏ.பி.எஸ். பிரேக்கும் ஓட்டுநர் காற்றுப்பையும் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமாயின. அந்த ஆண்டுக்குப் பிந்தைய கார், அல்லது அதற்கு முன்பே இரண்டு காற்றுப்பையும் ஏ.பி.எஸ்.ஸும் கொண்டிருந்த உயர்வகை: இதைக் கீழெல்லையாகக் கொள்ளுங்கள். இரண்டு காற்றுப்பையுடன் சோதிக்கப்பட்ட போலோ அதே 2014-இல் நான்கு நட்சத்திரம் பெற்றது. டியாகோ 2020-இல் நான்கு பெற்றது. இரண்டாம் தலைமுறை ஃபிகோவின் உச்ச வகையில் 2015-லேயே ஆறு காற்றுப்பைகள் இருந்தன. அதன் தரையிடைவெளி 174 மில்லிமீட்டர். ஸ்டீயரிங்கோ அந்த விலையில் கிடைப்பவற்றுள் மிகச் சிறந்தது என்பது என் துணிபு. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததும் அதன் கார்களைப் பற்றிய அச்சம் பரவி மறுவிற்பனை மதிப்பு சரிந்தது. மறைமலைநகர் தொழிலாளர்களுக்கு அது பேரிழப்பு. அதைச் சொல்லாமல் 'மலிவு' என்று மட்டும் பேசுவது நேர்மையன்று. ஆனால் சந்தையின் அச்சத்தால் விலை விழுந்த நல்ல காரை வாங்கி, இன்னும் பத்தாண்டு ஓட்டுவதில் இழுக்கு எதுவுமில்லை. உதிரிபாகம் குறித்துக் கவலைப்படுகிறவர் ஸ்விஃப்ட்டையோ டியாகோவையோ நாடட்டும். அதே ஃபிகோவின் 1.5 லிட்டர் டீசல் வகை ஓட்டுவதற்கு இன்னும் இனியது. எனினும் பள்ளிக் குழந்தைகள் நடந்து போகும் நெருக்கமான தெருவில் பி.எஸ்.4 டீசல் புகையை விட்டு இன்பம் காண்பதற்கு நான் பரிந்துரை எழுத மாட்டேன். (நெரிசலில் கிளட்ச் மிதித்து மூட்டுவலி வந்தவர்கள் தானியங்கி கியர் கேட்பது முற்றிலும் நியாயம்.)

இன்னொரு கூட்டத்தாரையும் விட்டுவிட முடியாது. பத்தாண்டு ஓடிய ஜெர்மானியச் சொகுசு கார் ஒரு புதிய ஹேட்ச்பேக்கின் விலைக்குக் கிடைக்கிறதே என்று ஆய்வு மாணவர்களைத் தூண்டும் கார்ப் பித்தர்கள் இவர்கள். வாங்கும் விலைதான் சரிந்திருக்கிறது. உதிரிபாகத்தின் விலை சரியவில்லை. இரட்டைக் கிளட்ச் கியர்ப்பெட்டியின் மின்னணுப் பகுதி ஒன்று பழுதானால் செலவு லட்சக் கணக்கில் போகும். அந்தக் கார் மாதக் கணக்கில் பட்டறையில் நிற்கும். அன்றாடம் ஓட்டுவதற்கு அது காரே அன்று.

ஆண்டு முழுவதும் ஓட்ட வேண்டும் என்றால், கொல்கத்தாவில் அதன் பொருள் மழை. 2025 செப்டம்பர் 23-ஆம் நாள் விடிந்தபோது ஒரே இரவில் ஏறத்தாழ 250 மில்லிமீட்டர் கொட்டி நகரம் மூழ்கியிருந்தது. தேங்கிய நீரில் வண்டியை விட்டால், காற்று உறிஞ்சும் குழல் வழியே நீர் சிலிண்டருக்குள் போகும். காற்று அமுங்கும், நீர் அமுங்காது. இணைப்புத் தண்டு வளைந்துவிடும். நின்றுபோன எஞ்சினை மீண்டும் முடுக்குவதே பெருங்கேடு. எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனியாகச் சேர்க்காத காப்பீடு பெரும்பாலும் இதற்குப் பணம் தராது. வாங்கும்போது அஞ்ச வேண்டியதும் வயதை அன்று, வெள்ளத்தை. நீரில் மூழ்கிய கார்களைத் துடைத்து வேற்றூர்ச் சந்தைக்கு அனுப்புவது இத்தொழிலில் எவரும் அறிந்த வழக்கம். இருக்கைப் பட்டையை முழுவதும் வெளியே இழுங்கள். அடிப்பகுதியில் பழுப்பு வண்டல் கோடு இருந்தால் திரும்பி நடந்துவிடுங்கள். இருக்கையின் அடித் தண்டவாளத்துத் திருகுகளில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண், தரைவிரிப்புக்குக் கீழே ஈரம், அளவுக்கு மீறிய வாசனைத் திரவியம் ஆகிய யாவும் சாட்சிகளே. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் காரைப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏனென்று கேளுங்கள். பரிவாகன் செயலியில் எண்ணைத் தட்டினால் எத்தனையாவது உரிமையாளர், கடன் நிலுவை உண்டா என்பது தெரியும். கடன் தீர்ந்ததற்குப் படிவம் 35 இல்லாமல் முன்பணம் தராதீர்கள். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினானால் அது மாற்றப்பட்ட ரசீது வேண்டும். ஏ.சி. மே மாதத்துக்கு மட்டுமானதன்று. ஆகஸ்டில் முன்கண்ணாடியின் ஆவிப்படலத்தை அகற்றுவதும் அதுதான். இந்த முழு ஆய்வுக்கும் நம்பகமான மெக்கானிக் ஒருவரின் அரைநாள் கூலி போதும்.

இவ்வளவு சோதித்துத் தேறிய காரையும் அரசு பார்ப்பது அதன் பிறந்த தேதியைக் கொண்டுதான். கொல்கத்தா உயர்நீதிமன்ற ஆணைப்படி 2009-இலிருந்து பதினைந்து வயது கடந்த வணிக வாகனங்கள் இந்நகரத்திலிருந்து விலக்கப்பட்டன. புகையைக் கக்கிய பழைய பேருந்துகளுக்கு அது தேவையாகவே இருந்தது. ஆனால் தில்லியில் அதே கோல் தனியார் கார்கள் மேலும் விழுந்தது: பெட்ரோலுக்குப் பதினைந்து, டீசலுக்குப் பத்து. 2025 ஜூலை 1 முதல் அவற்றுக்கு எரிபொருளே கிடையாது என்றார்கள்; மக்கள் சினந்ததும் சில நாட்களில் பின்வாங்கினார்கள். நாடு முழுதும் பதினைந்தாண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. இருபதாண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆயிற்று. தகுதிச் சோதனையில் தேறினால்தானே பதிவு புதுப்பிக்கப்படுகிறது? தேறிய பிறகு எதற்கு இந்தத் தண்டம்? புகையை அளந்து, பிரேக்கை அளந்து, தோற்றதை உடைக்கட்டும், பி.எஸ்.2 வண்டியின் புகை பி.எஸ்.6-இன் புகையைப் போன்றதன்று என்பதை நானும் ஏற்கிறேன். அந்த அளவீட்டைக் காசு வாங்கிக்கொண்டு சான்றிதழ் தரும் சடங்காக விட்டுவிட்டு, ஆண்டை மட்டும் எண்ணுவது நிர்வாகச் சோம்பல்.

வரியிலும் இதே மனப்போக்குதான். சிறிய பழைய பெட்ரோல் காரை விற்கும் முகவரின் ஆதாயத்தின் மீதான ஜி.எஸ்.டி.யை 12-லிருந்து 18 விழுக்காடாக்க 2024 டிசம்பரில் முடிவெடுத்தார்கள். ஒன்பதே மாதத்தில் புதிய சிறு கார்களுக்கான வரியை 28-லிருந்து 18 ஆக இறக்கினார்கள். உரிமையாளரிடமிருந்து நேரடியாக வாங்கினால் இந்த வரி இல்லை. இயன்றவரை அப்படியே வாங்குங்கள்.

"காரே வேண்டாம், பொதுப்போக்குவரத்தில் போங்கள்" என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. 2020-இல் உம்பன் புயலுக்குப் பிறகு நின்றுபோன கிதிர்ப்பூர் டிராமை மீட்டுத் தாருங்கள்; காரை விற்றுவிட்டு முதல் ஆளாக ஏறுகிறேன்.

கடைசியாக, மாநிலம் விட்டு மாநிலம் வந்து படிப்பவர்களுக்கு ஒன்று. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட காரைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வங்காளத்தில் வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும். ஊரிலிருந்து தடையில்லாச் சான்று பெற்று, இங்கே சாலைவரியை மீண்டும் கட்டி, அங்கே கட்டிய ஆயுள்வரியின் மிச்சத்தைத் திரும்பப் பெற அலைய வேண்டும். இந்த அலைச்சலைத் தவிர்ப்பதற்காகத்தான் 2021-இல் 'பி.எச்.' வரிசைப் பதிவு வந்தது. அது அரசு ஊழியர்களுக்கும், நான்கு மாநிலங்களுக்குக் குறையாமல் கிளை கொண்ட தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் மட்டும் உரியது. ஒன்றிய அரசின் உதவித்தொகையில் ஐந்தாண்டு வேற்று மாநிலத்தில் வாழும் ஆய்வு மாணவர் எவருடைய ஊழியரும் இல்லையாதலால் அவருக்கு அதில் இடமில்லை. ஆய்வு மாணவர் சங்கங்கள் உதவித்தொகை உயர்வுக்கான அடுத்த மனுவில் இந்த ஒரு வரியையும் சேர்க்க வேண்டும். அதுவரை, கார் வாங்குவதானால் நீங்கள் வாழும் மாநிலத்துப் பதிவெண் உள்ளதாகவே பார்த்து வாங்குங்கள்.